உண்டியலுக்குப் பூட்டுப் போட்ட கம்பெனிகள்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. இடத்தை முன்னிட்டுச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பணத்தைப் பற்றியது. கூலிப் பணத்தைப் பற்றி அல்ல. அதைப் பற்றி நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் பணம் போய்ச் சேருகிற பாதை இருக்கிறதே, அதைப் பற்றியது.

முன்பெல்லாம் வேலைநிறுத்தம் என்றால் தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போவார்கள். போடுகிறவன் கைக்கும் உண்டியலுக்கும் நடுவே யாரும் கிடையாது. போலீஸ்காரன் வந்து பிடுங்கினால்தான் உண்டு. அப்படிப் பிடுங்கினாலும் நாலு பேர் பார்க்கத்தான் பிடுங்கியாக வேண்டும். இன்று டீக்கடையில்கூடக் கறுப்புக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. சங்க நிதியும் அப்படித்தான் வருகிறது. சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் இப்போது மூன்று நான்கு கம்பெனிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கின்றன. அதில் ஒரு கம்பெனி, "இன்னாருக்குப் போகிற பணத்தை நான் விடமாட்டேன்" என்று குறுக்கே கையை நீட்டினால் என்ன ஆகும்? அப்படி நீட்ட அதற்கு உரிமை உண்டா? சட்டம் அதன் தலையில் ஏதாவது கடமையை வைத்திருக்கிறதா?

இது கற்பனை என்று எண்ணவேண்டாம். 2010-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் உலகம் பார்க்க நடந்தது.

எப்படி நடந்தது?

விக்கிலீக்ஸ் என்று ஒரு ஸ்தாபனம். 2006-ல் தொடங்கியது. ஜூலியன் அசாஞ்ஜ் என்ற ஆஸ்திரேலியர் அப்போது அதன் தலைவராக இருந்தார். சர்க்கார்களும் பெரிய கம்பெனிகளும் மூடி வைத்திருக்கும் தஸ்தாவேஜுகளை வாங்கி அப்படியே பிரசுரிப்பது அதன் வேலை. 2010 ஏப்ரலில் ஒரு படத்தை வெளியிட்டது. 2007 ஜூலையில் பாக்தாத் நகரத் தெருவில் அமெரிக்க ஹெலிகாப்டர் மேலிருந்து மனிதர்களைச் சுட்டுத் தள்ளிய காட்சி அது. செத்தவர்களில் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனத்தின் ஊழியர்கள் இரண்டு பேர். பிறகு ஆப்கன் யுத்தக் குறிப்புகள் வந்தன. அக்டோபரில் ஈராக் யுத்தக் குறிப்புகள் சுமார் 4 லட்சம் வந்தன. நவம்பர் 28-ந் தேதி, உலகமெங்குமுள்ள அமெரிக்கத் தூதராலயங்கள் தங்கள் தலைநகருக்கு எழுதிய ரகசியக் கடிதங்கள் வெளிவரத் தொடங்கின. மொத்தம் இரண்டரை லட்சம்.

வாஷிங்டன் கொதித்தது. ஆனால் அப்போது அது செய்யாத ஒரு காரியம் உண்டு, அதைக் கவனியுங்கள். விக்கிலீக்ஸ் மீது எந்தக் கோர்ட்டிலும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை. தடை உத்தரவு வாங்கவில்லை. செனட்டர் லீபர்மன் ஆட்கள் கேள்வி கேட்டார்கள். விக்கிலீக்ஸுக்கு இடம் கொடுத்திருந்த அமேசான் கம்பெனி டிசம்பர் 1-ந் தேதி வெளியே தள்ளியது. அது இடத்தின் கதை. பணத்தின் கதை நாலாந் தேதி தொடங்குகிறது.

பேபால் என்று ஒரு அமெரிக்கக் கம்பெனி. உங்கள் போன் வழியாகப் பணம் அனுப்புவதுபோல உலகம் முழுவதும் பணம் கைமாற்றுவது அதன் தொழில். விக்கிலீக்ஸுக்காக ஜெர்மனியில் ஓர் அறக்கட்டளை நன்கொடை திரட்டிவந்தது. அதன் கணக்கு பேபாலில் இருந்தது. அந்தக் கணக்கை முடக்கினார்கள். காரணம்? சட்ட விரோதக் காரியங்களை ஊக்குவிக்க எங்கள் சேவையைப் பயன்படுத்தக்கூடாது என்று எங்கள் விதி சொல்கிறது, விதி மீறப்பட்டது என்றார்கள். எந்தக் கோர்ட் அதைச் சட்ட விரோதம் என்று சொன்னது? ஒரு கோர்ட்டும் இல்லை. பேபாலின் துணைத் தலைவர் ஒருவர் பாரிஸில் மேடையேறி, அமெரிக்க ராஜாங்க இலாகாவின் கடிதம் இதைச் சட்ட விரோதம் என்றது, அதனால் மூடினோம் என்றார். பிறகு விசாரித்தால், அந்தக் கடிதம் பேபாலுக்கு எழுதியதே அல்ல! ராஜாங்க இலாகாவின் வக்கீல் விக்கிலீக்ஸின் வக்கீலுக்கு எழுதியது. அடுத்த வீட்டுக்காரனுக்கு வந்த தபாலைப் படித்துவிட்டு நம் வீட்டுக் கதவைப் பூட்டினதுபோல் இருக்கிறது. (சிரிப்பு)

6-ந் தேதி மாஸ்டர்கார்டு நிறுத்தியது. 7-ந் தேதி விசா நிறுத்தியது. வெஸ்டர்ன் யூனியன் நிறுத்தியது. 18-ந் தேதி பாங்க் ஆப் அமெரிக்கா, விக்கிலீக்ஸுக்கு என்று தெரிந்தால் எந்தப் பணத்தையும் கைமாற்றமாட்டேன் என்று அறிவித்தது. இரண்டு வாரத்தில் ஐந்து கதவுகள்! பேபால் மட்டும் கணக்கில் ஏற்கெனவே இருந்த பணத்தை அறக்கட்டளைக்குத் திருப்பிக் கொடுத்தது, கணக்கைத் திறக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கறுப்பு மக்களைக் கட்டிவைத்துக் கொளுத்திய கு கிளக்ஸ் கிளான் கூட்டத்துக்கு அதே கார்டுகளால் அப்போதும் பணம் அனுப்ப முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அதே பேபால் 2017-ல், சார்லட்ஸ்வில் நகரத்தில் வெள்ளை வெறியர்கள் ரத்தம் சிந்தவைத்த பிறகு, அப்படிப்பட்ட பல கூட்டங்களின் கணக்குகளை மூடியது. நல்ல காரியம் என்று கை தட்டத் தோன்றும். தட்டலாம். ஆனால் 2010-ல் பூட்டிய கையும் 2017-ல் பூட்டிய கையும் ஒரே கைதான். சாவியும் ஒன்றுதான்.

2011 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. பீட்டர் கிங் என்ற காங்கிரஸ் அங்கத்தினர், விக்கிலீக்ஸைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அதனோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாதென்று ஆணையிட வேண்டும் என்று அமெரிக்க நிதி மந்திரிக்கு எழுதினார். நிதி இலாகாவோ, சேர்ப்பதற்கு வேண்டிய ஆதாரம் இல்லை என்று பதில் சொன்னது. சர்க்கார் தன் சட்டப்படி செய்ய முடியாது என்று சொன்ன காரியத்தை, ஐந்து கம்பெனிகள் சட்டம் எதுவும் இல்லாமலே செய்து முடித்திருந்தன. அதன்பிறகாவது திறந்தார்களா? இல்லை. 2011 அக்டோபரில் விக்கிலீக்ஸ் தன் பிரசுர வேலையை நிறுத்தி வைத்தது. தன் வருமானத்தில் 95 சதவிகிதம் போய்விட்டதென்று கணக்குச் சொன்னது.

கிராமத்துத் தோழர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கூலி உயர்த்திக் கேட்டவனை ஒருவனும் அடிக்கமாட்டான். மளிகைக் கடையில் சாமான் கொடுக்கமாட்டார்கள், டீக்கடையில் கிளாஸ் நீட்டமாட்டார்கள், அவன் மாட்டை வாய்க்கால் கரையில் விடமாட்டார்கள். கேட்டால், "என் கடை, என் கரை, யாருக்கு விடுவது என் இஷ்டம்" என்பார்கள். ஒவ்வொருவனும் தனித்தனியே சொல்லுகிற பதில் நியாயம்போலத் தெரியும். எல்லோரும் ஒரே நாளில் சொல்லும்போதுதான் அது என்னவென்று புரியும்.

"என் கடை, என் இஷ்டம்"

இந்த "என் இஷ்டம்" என்பதற்குச் சட்டம் என்ன பதில் சொல்லியிருக்கிறது?

பழைய இங்கிலீஷ் சட்டத்தில் ஒரு தத்துவம் உண்டு. சில தொழில்கள் சாதாரணத் தொழில்கள் அல்ல. ஊருக்குப் பொதுவான தொழில்கள். வழிப்போக்கர் சத்திரம் நடத்துகிறவன், ஓடக்காரன், மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரன் முதலியோர். ராத்திரி நேரத்தில் தனிவழியில் வருகிறவனைச் சத்திரக்காரன் "போ" என்றால் அவன் எங்கே போவான்? ஆகவே இடம் இருந்து, வருகிறவன் நியாயமான கூலி கொடுக்கத் தயாராய் இருந்தால், தக்க காரணமில்லாமல் மறுக்கக்கூடாது. மறுத்தால் வழக்குப் போடலாம்.

இதற்கு ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். கிரிக்கெட் பார்க்கிறவர்கள் லியரி கான்ஸ்டன்டைன் பெயரைக் கேட்டிருப்பீர்கள். மேற்கிந்தியத் தீவுகளின் பெரிய ஆட்டக்காரர், கறுப்பர். 1943-ல், யுத்த காலத்தில், லண்டனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடுவதற்காக இம்பீரியல் ஹோட்டலில் முன்கூட்டியே அறை எடுத்திருந்தார். குடும்பத்தோடு போய் இறங்கினார். ஹோட்டலில் அமெரிக்க விருந்தாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பிடிக்காது என்று சொல்லித் தங்கவிடவில்லை. அதே கம்பெனியின் வேறொரு ஹோட்டலுக்குப் போகச் சொன்னார்கள். கான்ஸ்டன்டைன் வழக்குப் போட்டார். அப்போது பிரிட்டனில் நிற பேதத்தைத் தடுக்கும் சட்டம் எதுவுமே கிடையாது. அவர் பிடித்துக்கொண்டது இந்தப் பழைய சத்திரச் சட்டத்தைத்தான். 1944-ல் ஜெயித்தார். நஷ்டஈடு 5 கினி. தொகை அற்பம். ஆனால், வேறு விருந்தாளி முகம் சுளிக்கிறான் என்பது மறுப்பதற்குத் தக்க காரணம் ஆகாது என்று நிலைநின்றது.

அன்றும் முகம் சுளித்தது அமெரிக்க விருந்தாளிதான், 2010-லும் அவரேதான்!

நம் தேசத்தில், 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு, கடை, ஹோட்டல், கிணறு, குளம், சாலை இவற்றில் ஜாதி மதம் முதலியவற்றைச் சொல்லி ஒருவனை விலக்கக்கூடாது என்றது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. கடை தனியாருடையதுதான், ஆனாலும் இந்தக் காரணத்துக்காகக் கதவைச் சாத்தினால் தண்டனை. ஆனால் இதன் எல்லையையும் பார்க்க வேண்டும். ஜாதி, மதம், இனம், ஆண் பெண், பிறந்த இடம் என்று காரணங்களை எண்ணி எழுதியிருக்கிறது. "அவன் கருத்து எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லி மறுப்பவனை இந்தப் பிரிவு பிடிப்பதில்லை.

சரி, பணம் கைமாற்றும் கம்பெனி சத்திரக்காரனா, சாதாரணக் கடைக்காரனா? கேள்வி முழுவதும் இதில் அடங்கிவிட்டது. அமெரிக்காவில் கோர்ட்டுகள் இதுவரை அவற்றைக் கடைக்காரனாகத்தான் வைத்திருக்கின்றன. நீங்கள் போனில் "சம்மதம்" என்று அழுத்துகிறீர்களே, அந்த நீண்ட ஒப்பந்தத்தில் "எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் கணக்கை மூடலாம்" என்று அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். பேபால் தன் ஒப்பந்தத்தில், மூடிய கணக்கிலுள்ள பணத்தை 180 நாள் வரை பிடித்துவைக்கவும் இடம் வைத்திருக்கிறது. 2022 அக்டோபரில் இன்னும் ஒரு படி போனது. தவறான தகவல் பரப்புகிறவர்களிடம் 2,500 டாலர் வரை பிடித்தம் செய்யலாம் என்று ஒரு விதி வெளியாயிற்று. எது தவறான தகவல் என்று தீர்மானிப்பது யார்? பேபால்தான்! ஜனங்கள் கூச்சல் போட்டதும், தவறுதலாக வெளியாகிவிட்டது என்று வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மில்லில் மேஸ்திரி அபராதம் எழுதிய காலம் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த அபராதத்தைக்கூட ஒரு சட்டம் போட்டு எல்லை கட்ட வேண்டியிருந்தது.

ஐஸ்லாந்தில் ஒரு வழக்கு

ஆனால் ஒப்பந்தம் என்பது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. இதைக் காட்டியது ஐஸ்லாந்து என்ற சின்னஞ்சிறு தேசம். ஜனத்தொகை நம் ஒரு தாலுகா அளவுதான் இருக்கும்.

கார்டு வழியாகப் பணம் போவது எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கொடுப்பவனுக்குக் கார்டு கொடுத்தது ஒரு பாங்கு. நடுவில் விசா, மாஸ்டர்கார்டு என்ற இரண்டு பகாசுரக் கம்பெனிகளின் பாதை. அந்தப் பக்கத்தில், வாங்குகிறவனுக்காகப் பணத்தை வசூலித்துக் கொடுக்கிற ஒரு கம்பெனி. இந்த மூன்றாவது ஆசாமிதான் வாங்குகிறவனோடு ஒப்பந்தம் செய்துகொண்டவன். ஐஸ்லாந்தில் அவன் பெயர் வாலிட்டார். விக்கிலீக்ஸுக்காக நன்கொடை வசூலிக்க முன்வந்த டேட்டாசெல் என்ற கம்பெனி வாலிட்டாருடன் ஒப்பந்தம் போட்டது. 2011 ஜூலையில் வழி திறந்தது. பணம் வரத் தொடங்கியது. திறந்த கையோடு வாலிட்டார் அடைத்துவிட்டது.

டேட்டாசெல் கோர்ட்டுக்குப் போனது. பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம் என்றெல்லாம் பெரிய வார்த்தைகளில் வழக்கு நிற்கவில்லை. ஒப்பந்தம் போட்டாய், தக்க காரணமில்லாமல் முறித்தாய், அவ்வளவுதான். 2012 ஜூலையில் ரெய்க்யவிக் ஜில்லா கோர்ட் தீர்ப்பளித்தது: 14 நாளில் வழியைத் திற, இல்லாவிட்டால் நாள் ஒன்றுக்கு 8 லட்சம் குரோனா கட்டு! வாலிட்டார் மேலே போனது. 2013 ஏப்ரல் 24-ந் தேதி ஐஸ்லாந்தின் சுப்ரீம் கோர்ட் அதே தீர்ப்பை உறுதி செய்தது. பிறகு நஷ்டஈட்டு வழக்கு வந்தது. அது இழுத்துக்கொண்டே போய், 2019 ஏப்ரலில் ஜில்லா கோர்ட், விக்கிலீக்ஸைச் சேர்ந்த கம்பெனிக்கும் டேட்டாசெல்லுக்குமாக 120 கோடி குரோனா கொடுக்கும்படி வாலிட்டாருக்கு உத்தரவிட்டது. அதன்மேல் இரு தரப்பும் சமரசமாகி வழக்கு முடிந்தது.

எட்டு வருஷம்! வேலைநிறுத்தம் செய்கிற தொழிலாளிக்கு எட்டு வருஷம் கழித்து வருகிற நிதியால் என்ன பிரயோஜனம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். தண்டனை விழுந்தது வசூல் கம்பெனியின் மேல்; பாதை அடைபட்டதற்கு மூலமான பெரிய கம்பெனிகளைச் சீண்ட முடியவில்லை. ஐரோப்பிய கமிஷனிடம் டேட்டாசெல் கொடுத்த புகாரில் நடவடிக்கைக்கு இடமில்லை என்ற எண்ணத்தையே 2012 நவம்பரில் கமிஷன் தெரிவித்தது. அதே மாதம் ஐரோப்பியப் பார்லிமெண்ட் ஒரு தீர்மானம் போட்டது: கார்டு கம்பெனிகள் எந்தச் சந்தர்ப்பத்தில், எந்த முறையில் ஒருவரைத் தாமாக மறுக்கலாம் என்பதற்குப் பாரபட்சமற்ற விதிகளை வகுப்பது பொதுநலனுக்கு வேண்டியது என்று. தீர்மானம் நல்ல தீர்மானம். ஆனால் தீர்மானம் சட்டமாகாது.

2024 ஜூனில் அசாஞ்ஜ் அமெரிக்கக் கோர்ட்டில் ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு விடுதலையானார். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. "பார்த்தீர்களா, கம்பெனிகள் செய்தது சரிதானே!" என்று இதை வைத்துச் சிலர் கேட்கிறார்கள். 2010 டிசம்பரில் அந்தக் குற்றச்சாட்டு எங்கே இருந்தது? குற்றச்சாட்டுகள் வெளியே வந்ததே 2019-ல். பேபாலுக்கு ஜோசியம் தெரியுமா?

நமக்குப் பிடிக்காதவன்

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னதில் நம் மனம் யார் பக்கம் போகும் என்பது தெரிந்த சங்கதி. பிடிக்காதவன் விஷயத்தில் என்ன சொல்லுவோம்?

2015-ல் அமெரிக்காவில், சிக்காகோ நகரம் உள்ள குக் கவுண்டியின் ஷெரீப் டார்ட் என்பவர் விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் கடிதம் எழுதினார். பேக்பேஜ் என்ற விளம்பர ஸ்தாபனத்துக்கு உங்கள் கார்டு செல்லக்கூடாது என்று. அந்த ஸ்தாபனத்தில் விபசார விளம்பரங்கள் வந்தன. நல்ல ஸ்தாபனம் என்று எவரும் வாதாட முடியாது. 2018-ல் அமெரிக்க சர்க்காரே அதை மூடிவிட்டது. ஆனால் ஷெரீப் வழக்குப் போடவில்லை. கடிதம் போட்டார், இரண்டு கம்பெனிகளும் சில நாட்களில் கையை உதறின. அப்பீல் கோர்ட்டில் நீதிபதி போஸ்னர், அதிகாரத்தில் இருப்பவன் மிரட்டி எழுதும் கடிதம் வெறும் அபிப்பிராயம் ஆகாது, இனி இப்படி எழுதக்கூடாதென்று தடை விதித்தார். 2024 மே மாதம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இதே வழியில் சொன்னார்கள். அங்கே வழக்குப் போட்டது யார் தெரியுமா? துப்பாக்கி வைத்திருப்போர் சங்கம்! நியூயார்க் மாகாண அதிகாரி இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை மிரட்டி எங்களோடு உறவை வெட்டச் செய்தார் என்பது அவர்கள் புகார். தனக்குப் பிடிக்காத பேச்சை அடக்க சர்க்கார் தனியார் கம்பெனியின் கழுத்தைப் பிடிக்கக்கூடாது, புகார் வழக்காக நிற்கும் என்றது கோர்ட்.

கனடாவில் 2022 பிப்ரவரியில் லாரிக்காரர்கள் தலைநகரை மறித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தடுப்பூசி விதிகளை எதிர்த்த கூட்டம். அவர்கள் கோஷம் பலவற்றில் எனக்கு ஒப்புதல் இல்லை. சர்க்கார் அவசர நிலைச் சட்டத்தை எடுத்தது. கோர்ட் உத்தரவு இல்லாமலே கணக்குகளை முடக்கும்படி பாங்குகளுக்குச் சொன்னது. 200-க்கு மேற்பட்ட கணக்குகள் முடங்கின. 2024 ஜனவரியில் பெடரல் கோர்ட், அவசர நிலை அறிவித்ததே நியாயமற்றது, சாசனத்துக்கு விரோதம் என்றது. சர்க்கார் அதன்மேல் அப்பீல் போனது. தெருவை மறிப்பது லாரிக்காரன் மட்டும் செய்கிற காரியமா? கூலி கேட்டு நீங்கள் உட்கார்ந்ததில்லையா? லாரிக்காரனுக்குப் போட்ட பூட்டு உங்களுக்கும் பொருந்துகிற அளவில்தான் செய்யப்பட்டிருக்கிறது.

பிரிட்டனில் 2023-ல் நைஜல் ஃபராஜ் என்ற வலதுசாரி அரசியல்வாதியின் கணக்கைக் கூட்ஸ் என்ற பணக்கார பாங்கு மூடியது. பணம் குறைந்துவிட்டது காரணம் என்று செய்தி கசிந்தது. பாங்கின் உள்காகிதத்தை அவர் கேட்டு வாங்கிப் பார்த்தால், அவருடைய கருத்துகளையும் எடைபோட்டு எழுதியிருக்கிறார்கள். தாய் பாங்கின் தலைமை நிர்வாகி ராஜினாமா செய்தார். ஐரோப்பிய விதிகளின்படி பணச்சேவை ஒப்பந்தத்தை முடிக்க இரண்டு மாத நோட்டீஸ் தேவை. பிரிட்டன் 2025-ல் இயற்றிய விதிகள் புது ஒப்பந்தங்களுக்கு அதை 90 நாளாக்கி, காரணத்தையும் எழுத்தில் சொல்லவேண்டும் என்கின்றன. மில்லில் ஆளை நிறுத்துவதற்கு முன் நோட்டீஸ் வேண்டும், காரணம் வேண்டும் என்று நீங்கள் எத்தனை போராட்டம் நடத்தி வாங்கினீர்கள்! ஒரு கனவான் கணக்கு மூடப்பட்டதும் இரண்டே வருஷத்தில் சட்டம் வந்துவிட்டது. வந்தது நல்லதுதான், அந்த நோட்டீஸ் ஏழைக்கும் சேர்த்துத்தான்.

அப்படியானால் எவன் வந்தாலும் பணத்தை அனுப்பிக் கொடுக்க வேண்டியதுதானா? இல்லை. குழந்தைகளை நாசம் செய்கிறவன், கள்ளப்பணக்காரன், ஆயுதக் கடத்தல்காரன் இவர்களுடைய பணத்தை நிறுத்துவது கம்பெனியின் இஷ்டம் அல்ல, சட்டக் கடமை. சந்தேகம் வந்தால் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததைச் சம்பந்தப்பட்டவனிடம் சொல்லவும் கூடாது. எல்லாத் தேசங்களிலும் பெரும்பாலும் இப்படித்தான் சட்டம். பேசாமல் பூட்டுகிற கம்பெனி சில சமயம் சட்டத்துக்குப் பயந்தே பேசாமல் இருக்கிறது. இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, பிடிக்காதவனையும் சேர்த்துப் பூட்டிவிடுவது சுலபமாகிவிடுகிறது. சந்தேகம் என்றால் கொஞ்ச நாளில் ஒரு அதிகாரியோ கோர்ட்டோ பார்த்து ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். கருத்து என்றால் கம்பெனிக்கு அதில் வேலையே இல்லை. இரண்டையும் ஒரே பூட்டால் பூட்ட விடுவதுதான் இன்றைய சட்டத்தின் ஓட்டை என்பது என் அபிப்பிராயம்.

நம் சங்கத்துக்கு நேர்ந்தால்?

பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "நம் நிதிக் கணக்கை முடக்கினால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்று. சங்க நிதியைக் காரியதரிசியின் சொந்தப் போன் எண்ணுக்கு வாங்காதீர்கள். பல இடங்களில் அப்படி நடக்கிறது. ஆயிரம் பேர் ஐம்பது ஐம்பதாக ஒரு தனி ஆளுக்கு அனுப்பினால் யந்திரமே சந்தேகப்படும். சங்கத்தின் பெயரில் பாங்குக் கணக்கு, ரசீதுப் புத்தகம், தீர்மான நோட்டு மூன்றும் ஒழுங்காக இருக்கட்டும். யாராவது ஒரு மோசடிக்காரன் கைமாற்றிய பணம் தெரியாமல் நம் கணக்குக்கு வந்து, எங்கோ ஒரு போலீஸ் ஸ்டேஷன் சொல்லிக் கணக்கு முழுவதும் முடங்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. 2023-ல் கேரள ஹைகோர்ட், வழக்கிலுள்ள தொகையை மட்டும் நிறுத்திவை, கணக்கு முழுவதையும் முடக்காதே என்று பாங்குகளுக்குச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை வக்கீலிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

போலீஸ் சம்பந்தமில்லாமல் பாங்கோ பணச்சேவைக் கம்பெனியோ தானாகவே நிறுத்தினால், காரணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டால் ஒரு ரிகார்டும் இருக்காது. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் இந்த ஏற்பாட்டை ஒன்றாக்கினார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது: கம்பெனியின் வியாபாரத் தீர்மானத்தைப் பற்றிய புகாரை ஏற்பதற்கில்லை என்று. உங்கள் கணக்கை மூடியது சேவைக் குறையா, வியாபாரத் தீர்மானமா? கம்பெனி இரண்டாவது என்றுதான் சொல்லும். ஆகவே புகார் எழுதும்போது "எங்களைப் பிடிக்காமல் மூடினார்கள்" என்று எழுதாதீர்கள். நோட்டீஸ் கொடுக்கவில்லை, காரணம் சொல்லவில்லை, கணக்கிலிருந்த இவ்வளவு ரூபாயை இத்தனை நாளாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று தேதி போட்டு, தொகை போட்டு எழுதுங்கள். ஐஸ்லாந்து வழக்கு ஜெயித்ததும் அந்த மாதிரியான காகிதத்தால்தான்.